கணினி விழித்தெழ மறுக்கும்போது

காலை எட்டு மணி. கிராமத்துப் பாடசாலை ஒன்றின் அலுவலக அறை. அன்று மாலைக்குள் வலயக் கல்விப் பணிமனைக்கு அனுப்பவேண்டிய மாணவர் விவரங்கள் அனைத்தும் மேசைமீதுள்ள கணினியில் இருக்கின்றன. இலிகிதர் ஆளியை அழுத்துகின்றார். விசிறி சுழலும் ஓசை கேட்கின்றது. திரையோ இருண்டு கிடக்கின்றது. மீண்டும் அழுத்துகின்றார், மீண்டும் அதே இருள். கடையிலிருந்து வந்த இளைஞன் ஒருவன் சற்றே பார்த்துவிட்டு, "இதை போர்மற் பண்ணித்தான் ஆகவேணும், ரீச்சர்" என்கின்றான். போர்மற் என்பது தட்டிலுள்ளவற்றைத் துடைத்துவிட்டுப் புதிதாகத் தொடங்குதல். பத்து வருடங்களாகச் சேர்ந்த பெயர்களும், பிறந்த திகதிகளும், பரீட்சைப் பெறுபேறுகளும் அவ்வொரு சொல்லில் அழிந்துபோகக் கூடும். அந்த அம்மையார் என்ன விடை சொல்லவேண்டும்?

இத்தகைய காலைப்பொழுது இன்று எந்த அலுவலகத்திலும், எந்த வீட்டிலும் நேரக்கூடியதே. ஆயினும், கணினி எழுந்திராமைக்குரிய காரணங்கள் எண்ணிறந்தன அல்ல. அவற்றைத் தேடுவதற்கு ஓர் ஒழுங்கும் உண்டு. அவ்வொழுங்கை அறிந்தவர் பெரும்பாலான வேளைகளில் தாமே குறையைக் கண்டுகொள்வர். தம்மால் இயலாதபோதும், பழுதுபார்ப்பவரிடம் எதனைக் கேட்கவேண்டும், எதற்கு இணங்கலாகாது என்பதையேனும் அறிந்திருப்பர்.

முதற்கண், கணினி எவ்வாறு விழித்தெழுகின்றது என்பதை அறிதல் வேண்டும். ஆங்கிலத்தில் இதனைப் 'பூட்' செய்தல் என்பர். சப்பாத்தின் பின்புறத்தே உள்ள வாரைப் பிடித்துத் தன்னைத் தானே மேலே தூக்கிக்கொள்ளுதல் என்னும் வேடிக்கைப் பேச்சிலிருந்து பிறந்த சொல் அது. நடவாத காரியம் ஒன்றைக் குறிப்பதற்கு எழுந்த அப்பேச்சு கணினிக்கு நன்கு பொருந்துகின்றது. கணினியானது கட்டளைகளின்படியே இயங்குவது. ஆனால் மின்சாரம் நின்றவுடன் அதன் நினைவகம் வெறுமையாகி விடுகின்றது. கட்டளைகளை நினைவகத்தில் ஏற்றுவதற்கும் ஒரு கட்டளை வேண்டும். அக்கட்டளையை ஏற்றுவது யார்? இச்சிக்கலைத் தீர்ப்பதற்காகவே, மின்சாரம் நின்றாலும் மறவாத சிறு சில்லு ஒன்றில் தொடக்கக் கட்டளைகளைப் பதித்து வைத்தனர். 1981 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 12 ஆம் நாள் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட தனியாள் கணினியில் அதற்குப் பயோஸ் என்பது பெயர். இன்றைய கணினிகளில் யூ.இ.எவ்.ஐ. எனப்படும் புதியதொரு முறை அதன் இடத்தைப் பெற்றுள்ளது. எனினும் மக்கள் வழக்கில் பயோஸ் என்ற பெயரே நிலைத்துவிட்டது.

ஒரு பாடசாலையின் காலைப்பொழுதை எண்ணிப் பார்த்தால் இவ்வொழுங்கு எளிதில் விளங்கும். முதலிற் காவலாளி வாயிலைத் திறக்கின்றான். அடுத்து, வந்தவர் யார், வராதவர் யார் என்று வரவு பார்க்கப்படுகின்றது. பின்னர் அலுமாரியைத் திறந்து அன்றைய நேரசூசியை எடுக்கின்றனர். இறுதியாக வகுப்புகள் தொடங்குகின்றன. கணினியிலும் இந்நான்கு படிகளே உள. மின்சாரம் வருதல் முதலாவது. பயோஸ் வரவு பார்த்தல் இரண்டாவது. தட்டினைக் கண்டு திறத்தல் மூன்றாவது. பணிசெயல் முறைமை, அஃதாவது விண்டோஸ் போன்ற மூல மென்பொருள், தன் வேலையைத் தொடங்குதல் நான்காவது. 'கணினி வேலை செய்யவில்லை' என்று சொல்வது, 'பாடசாலை நடக்கவில்லை' என்று சொல்வது போன்றதே. வாயிலே திறக்கவில்லையா, அன்றி ஆசிரியர் வரவில்லையா என்று கேட்டாலன்றிப் பரிகாரம் தேட இயலாது. எந்தப் படியில் நின்றது என்பதே முதற் கேள்வி.

முதற்படியை நோக்கலாம். ஆளியை அழுத்தியும் விளக்கு எரியவில்லை, விசிறி சுழலவில்லை, எவ்வித ஓசையும் இல்லை. இந்நிலையில் கணினியைத் திறப்பதற்கு முன்னர்ச் சுவரைப் பார்க்க வேண்டும். அதே இடத்தில் ஒரு மேசை விளக்கைப் பொருத்தினால் அங்கு மின்சாரம் உண்டோ இல்லையோ என்பது தெரிந்துவிடும். சதுர முனைகள் மூன்றுள்ள செருகியாயின் அதனுள்ளே சிறிய உருகி ஒன்று இருக்கும், அது எரிந்திருக்கலாம். மின்கம்பியின் மறுமுனை கணினியின் பின்புறத்தில் இறுகப் பொருந்தாமல் தளர்ந்திருக்கலாம். பின்புறத்தே ஒரு சிறிய ஆளியும் உண்டு. அறையைக் கூட்டித் துடைத்தவரின் கைபட்டு அது அணைந்திருப்பதும் உண்டு. யூ.பி.எஸ். என்னும் மின்சேமிப்புப் பெட்டி இடையில் இருப்பின், அதனை விலக்கிவிட்டு நேரே சுவரில் இணைத்துப் பார்த்தல் நன்று. முதிர்ந்த பற்றரியுள்ள பெட்டி தான் கெட்டிருந்தும் பழியைக் கணினியின்மேற் சுமத்திவிடும்.

இவை யாவும் சரியாயிருந்தும் பயனில்லையாயின், மின்கம்பியை முற்றாகக் கழற்றிவிட்டு, ஆளியை அரை நிமிடம் வரையில் அழுத்திப் பிடித்து, சில நிமிடங்கள் கழித்து மீண்டும் இணைத்துப் பார்க்கலாம். உள்ளே எஞ்சி நின்ற மின்னேற்றம் இதனால் வடிந்துவிடுகின்றது. மந்திரம்போலத் தோன்றும் இச்செயல் பலமுறை பலனளித்துள்ளது.

மின் வழங்கி என்னும் பெட்டியின் தொழில், சுவரிலிருந்து வரும் 230 வோல்ற்று ஆடலோட்ட மின்சாரத்தை 12, 5, 3.3 வோல்ற்று ஆகிய நேரோட்ட மின்சாரமாக மாற்றிக் கொடுப்பதாகும். இவ்வளவுகள் நிலைபெற்றபின், 'எல்லாம் நலம்' என்ற சமிக்ஞை ஒன்றை அது தாய்ப்பலகைக்கு அனுப்புகின்றது. அது வரும்வரை முறைவழியாக்கி தன் வேலையைத் தொடங்குவதில்லை. இப்பெட்டி பழுதுற்றால் மாற்றுவதே வழி. அதனைத் திறந்து பார்க்க எவரும் முனையலாகாது. கம்பியைக் கழற்றிய பின்னரும் அதனுள்ளிருக்கும் கொள்ளளவிகளில் உயிருக்கு ஆபத்து விளைவிக்கக்கூடிய மின்னேற்றம் தங்கியிருக்கலாம்.

இலங்கையில் இப்படி கெடுவதற்கு இயற்கையும் ஒரு காரணம். இரு பருவக் காற்றுகளுக்கும் இடைப்பட்ட மார்ச்சு, ஏப்பிரல் மாதங்களிலும், ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகல்தோறும் இடியும் மின்னலும் மிகுதி. மின்னலின் வேகம் மின்கம்பி வழியாக மட்டுமன்றித் தொலைபேசிக் கம்பி வழியாகவும் உள்ளே புகும். ஆளியை அணைத்தல் இதற்குப் போதிய காப்பாகாது. மழைமேகம் கறுத்ததும் இரு கம்பிகளையும் கழற்றி வைப்பதே தக்கது.

இனி, விளக்கு எரிகின்றது, விசிறி சுழல்கின்றது, திரைமட்டும் இருண்டுள்ளது என்று கொள்வோம். இங்கே அவசரப்பட்டுக் கணினியைக் குறைகூறுதல் தவறு. திரை தனியானதொரு கருவி. அதற்குத் தனி மின்கம்பியும் தனி ஆளியும் உள. அதன் விளக்கு செம்மஞ்சளாக ஒளிர்ந்தால் அல்லது மின்னினால், 'நான் விழித்திருக்கின்றேன். எனக்குச் செய்தி வரவில்லை' என்பது பெரும்பாலும் பொருளாகும். அப்பொழுது இரண்டையும் இணைக்கும் கம்பியைப் பார்க்க வேண்டும். சில கணினிகளிற் படங்காட்டுவதற்கெனத் தனி அட்டை ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். அவற்றின் பின்புறத்தில் திரைக்கம்பியைச் செருகுவதற்கு ஒத்த வடிவான துளைகள் இரண்டு இடங்களில் இருத்தல் கூடும். மேசையை இடம்மாற்றியபோது கம்பியைத் தவறான துளையிற் செருகிவிட்டு, கணினி இறந்துவிட்டதென்று வருந்தியவர் பலர்.

திரையும் கம்பியும் குற்றமற்றனவாயின், குறை இரண்டாம் படியில் உளது; வரவு பார்க்கும்பொழுது யாரோ வரவில்லை. பயோஸ் திரையிற் காட்ட இயலாத குறையை ஒலியால் அறிவிக்கும். கணினியினுள் சிறிய ஒலிகருவி இருப்பின், ஒரு குறுகிய ஒலி பொதுவாக நலத்தைக் குறிக்கும். பல ஒலிகள் திரும்பத் திரும்ப எழுந்தால் அது முறையீடு. எத்தனை ஒலிகள், அவற்றுள் நெடியன எத்தனை, குறியன எத்தனை என்று எண்ணிக் குறித்துக்கொள்ள வேண்டும். இவற்றின் பொருள் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் வேறுபடுமாதலால், தாய்ப்பலகையின் கைந்நூலைப் பார்த்தே முடிவு செய்தல் வேண்டும். ஒலிக்குப் பதிலாகத் தாய்ப்பலகையிற் சிறு விளக்குகளால் இதனை உணர்த்தும் கணினிகளும் இன்று உள.

இப்படியில் மிகப் பலமுறை குற்றவாளியாக நிற்பது நினைவக அட்டையே. அது விரலளவு நீண்ட மெல்லிய பலகை. அதன் ஓரத்திற் பொன்முலாம் பூசிய பற்கள் வரிசையாக உள. கடற்காற்றும் ஈரப்பதனும் தூசியும் சேர்ந்து அப்பற்களின்மேல் மெல்லிய அழுக்குப் படியச் செய்யும். வெப்பமும் குளிர்ச்சியும் மாறிமாறி வருதலால் அட்டை தன் இருக்கையிலிருந்து சிறிது தளர்வதும் உண்டு. பரிகாரம் எளிது. மின்கம்பியைக் கழற்ற வேண்டும். பெட்டியின் வெற்று உலோகப் பகுதியைத் தொட்டு, உடலிற் சேர்ந்துள்ள நிலைமின்னைப் போக்கிக்கொள்ள வேண்டும். அட்டையின் இருபுறத்தும் உள்ள பிடிகளை விரித்து அதனை வெளியே எடுத்து, மாணவர் பயன்படுத்தும் மென்மையான அழிப்பானால் அப்பற்களை இலேசாகத் துடைத்து, துகள்களை நீக்கி, மீண்டும் இருக்கையில் வைத்துப் பிடிகள் 'கிளிக்' என்று பூட்டிக்கொள்ளும் வரையில் நேராக அழுத்த வேண்டும். அட்டைகள் இரண்டு இருப்பின், ஒன்றை மட்டும் வைத்துப் பார்த்து, பின்னர் மற்றையதை மட்டும் வைத்துப் பார்த்தால், கெட்டது எது என்பது புலனாகும்.

கணினி தொடங்கிச் சில வினாடிகளுள் தானே அணைந்துவிட்டால் வெப்பத்தைச் சந்தேகிக்க வேண்டும். முறைவழியாக்கியின் மேலுள்ள விசிறி தூசியால் அடைபட்டோ, தன் இடத்திலிருந்து விலகியோ இருக்கலாம். வெந்து அழிவதிலும் அணைவதே மேலென்று கணினி தன்னைக் காத்துக்கொள்ளும் வகை அது. திகதியும் நேரமும் நாள்தோறும் பழைய ஆண்டொன்றுக்குத் திரும்பிவிடுமாயின், தாய்ப்பலகையிலுள்ள நாணயம்போன்ற சிறு பற்றரி தீர்ந்துவிட்டதென்று அறியலாம். 3 வோல்ற்றுள்ள அப்பற்றரியின் எண் பெரும்பாலும் சி.ஆர். 2032. அதன் விலை சிறிது. ஆனால் அதனை மாற்றாதுவிட்டால், பயோஸ் தன் ஒழுங்குகளை மறந்து தட்டைத் தேடத் தெரியாது நிற்பதும் உண்டு.

மூன்றாம் படிக்கு வரலாம். திரையில் எழுத்துகள் தோன்றுகின்றன. ஆனால் தொடக்கத்துக்குரிய சாதனம் எதுவும் காணப்படவில்லை என்று ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதி நின்றுவிடுகின்றது. அஞ்சுவதற்கு முன்னர்ப் பெட்டியின் முன்புறத்தைப் பார்க்க வேண்டும். நேற்று யாரோ செருகிய பென் டிரைவ் இன்னும் அங்கேயே இருக்கின்றதா? கணினி வன்தட்டுக்குப் பதிலாக அதனைத் திறக்க முயன்று, அங்கே ஒன்றுமில்லாமையால் மலைத்து நிற்கலாம். அதனை அகற்றியபின்னும் அதே வரி வந்தால், பயோஸின் பக்கத்தைத் திறந்து, வன்தட்டின் பெயர் அங்கே காணப்படுகின்றதா என்று பார்க்க வேண்டும். பெயர் காணப்பட்டால் தட்டு உயிரோடிருக்கின்றது. அதிலுள்ள எழுத்தொழுங்கே குலைந்துள்ளது. காணப்படாவிட்டால் கம்பி கழன்றிருக்கலாம். அன்றித் தட்டே மாண்டிருக்கலாம்.

வன்தட்டின் வரலாறு 1956 ஆம் ஆண்டு ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட ரமாக் என்னும் பொறியோடு தொடங்குகின்றது. 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகளைக் கொண்ட அப்பெரும் பொறியில் ஏறக்குறைய 50 இலட்சம் எழுத்துகளே அடங்கின. இன்று உள்ளங்கையில் அடங்கும் தட்டு அதனைப்போலப் பல்லாயிர மடங்கு கொள்கின்றது. அதனுள்ளே மேசைக் கணினிகளிற் பொதுவாக நிமிடத்துக்கு 7,200 தடவை சுழலும் தட்டின்மேல், தலைமயிரின் தடிப்பில் ஆயிரத்திலொரு பங்கினும் குறைந்த இடைவெளியில், வாசிக்கும் முனை மிதந்து செல்கின்றது. இதனை அறிந்தால், ஓர் எச்சரிக்கையின் காரணம் விளங்கும். தட்டிலிருந்து 'டக், டக்' என்று ஒழுங்கான தட்டல் ஓசை எழுமாயின், உடனே கணினியை அணைத்துவிட வேண்டும். மீண்டும் ஒருமுறை பார்க்கலாமே என்று இயக்குந்தோறும் அந்த முனை தட்டின் முகத்தைச் சுரண்டி, மீட்கக்கூடியதையும் மீளாததாக்கிவிடும். சுழலும் பாகமற்ற புதுவகைத் தட்டுகள் இவ்வாறு ஓசை எழுப்புவதில்லை. எச்சரியாமலே அவை ஒருநாள் மௌனமாகிவிடக் கூடும்.

நான்காம் படியில் நிகழும் தடைகளே பல. விண்டோஸின் சின்னம் தோன்றுகின்றது. புள்ளிகள் வட்டமாகச் சுழல்கின்றன. பின் நீலத்திரை ஒன்று வந்து மறைகின்றது. கணினி மீண்டும் தொடக்கத்துக்கே திரும்புகின்றது. இங்கே வன்பொருள் தன் கடமையைச் செய்துவிட்டது; மென்பொருளே தடுமாறுகின்றது. 2022 ஆம் ஆண்டில் இந்நாட்டில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரையில் மின்வெட்டு நீடித்த காலத்தை நேயர்கள் மறந்திரார். தட்டில் எழுதிக்கொண்டிருக்கும்பொழுதே மின்சாரம் நின்றுவிட்டால், பாதி எழுதிய கணக்கேடுபோல அவ்வெழுத்து குறையாய் நின்றுவிடும். அடுத்த தடவை விண்டோஸ் எழும்பும்போது அந்தக் குறையில் இடறி விழும்.

விண்டோஸ் தொடர்ந்து சில தடவை தொடங்க முடியாது தவறினால், பெரும்பாலும் தானாகவே பழுதுபார்க்கும் பக்கம் ஒன்றைத் திறக்கும். அப்பக்கத்தில் சேஃப் மோட் என்றொரு வழி உண்டு. மிக இன்றியமையாத மென்பொருள்களை மட்டும் ஏற்றிக்கொண்டு கணினியை எழுப்பும் முறை அது; நோயாளிக்குக் கஞ்சி மட்டும் கொடுத்துப் பார்ப்பது போன்றது. சேஃப் மோட்டில் கணினி எழுந்துவிட்டால், அண்மையிற் சேர்த்த மென்பொருளோ கருவியோ புதுப்பித்தலோ நோய்க்குக் காரணமென்று கருத இடமுண்டு. அதனை நீக்க வேண்டும். நீலத்திரையிற் காணும் குறியீட்டை எழுதிக்கொள்ளவும் தவறலாகாது. பெயர் தெரிந்த நோய்க்கு மருந்து தேடுதல் எளிது.

இந்நான்காம் படித் தடை எத்துணைப் பெரியதாகலாம் என்பதை உலகம் 2024 ஆம் ஆண்டு யூலை 19 ஆம் நாள் கண்டது. கிரவுட்ஸ்ட்ரைக் என்னும் அமெரிக்க நிறுவனம், கணினிகளைத் தீங்கிழைக்கும் மென்பொருள்களினின்றும் காப்பதற்குரிய தன் மென்பொருளுக்குப் புதுப்பிப்புக் கோப்பு ஒன்றை அனுப்பியது. அக்கோப்பிற் குறையிருந்தது. 78 நிமிடங்களில் அதனைத் திரும்பப் பெற்றுக்கொண்டனர். ஆயினும் அதற்குள் ஏறக்குறைய 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் பாதிக்கப்பட்டன என்று மைக்ரோசொப்ட் நிறுவனம் மதிப்பிட்டது. அவை நீலத்திரை காட்டி வீழ்ந்தன. தொடங்கியவுடனே மீண்டும் வீழ்ந்தன. விமானங்கள் ஆயிரக்கணக்கில் இரத்தாயின; மருத்துவமனைகளிற் சிகிச்சைகள் பிற்போடப்பட்டன; தொலைக்காட்சி நிலையங்கள் சிலவும் தம் ஒளிபரப்பை நிறுத்த நேர்ந்தது.

திருத்திய கோப்பு தயாராக இருந்தும் ஏன் உடனே குணமாகவில்லை? விழித்தெழாத கணினியால் வெளியிலிருந்து வரும் மருந்தைப் பெற்றுக்கொள்ள இயலாதன்றோ! ஆகையால், பெரும்பாலான கணினிகளின் முன்னேயும் ஒரு மனிதர் நேரிற் சென்று அமர்ந்து, சேஃப் மோட்டில் அதனை எழுப்பி, அந்த ஒரு கோப்பைத் தேடி அழிக்க வேண்டியதாயிற்று. ஒரு சிற்றலுவலக இலிகிதர் கற்றுக்கொள்ளக்கூடிய அதே எளிய முறையே உலகத்தின் விமான நிலையங்களையும் எழுப்பியது.

அந்நாளிற் பலரை மேலும் வருத்தியது மற்றொரு பூட்டு. களவுபோனாலும் பிறர் வாசிக்காதிருக்கத் தட்டினை மறைமொழியாக்கி வைக்கும் பிற்லொக்கர் என்னும் ஏற்பாடு பல கணினிகளில் உண்டு. கணினி வழக்கத்துக்கு மாறாகத் தொடங்கும்பொழுது அது 48 இலக்கங்கள் கொண்ட திறவெண்ணைக் கேட்கும். அவ்வெண் இல்லையேல், உரியவருக்கும் தட்டு திறவாது. சில புதிய கணினிகளில் இப்பூட்டு உரியவர் அறியாமலே இடப்பட்டிருத்தலும் உண்டு. கணினி நலமாயிருக்கும் இன்றே அவ்வெண்ணைத் தேடி, தாளில் எழுதி, அலுமாரியிற் பூட்டி வைப்பது அறிவுடைமை.

குறை தேடும் கலை கணினியளவு பழையது. 1946 ஆம் ஆண்டு பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் வெளியுலகுக்குக் காட்டப்பட்ட எனியாக் என்னும் பெருங்கணினியில் ஏறக்குறைய 18,000 வால்வுகள் இருந்தன. பழைய வானொலிப் பெட்டியிற் சிவந்து ஒளிர்ந்த வால்வுகளை நேயர்களுள் மூத்தோர் அறிவர். அவை சூடேறும்பொழுதும் குளிரும்பொழுதுமே பெரும்பாலும் பழுதுற்றன. இதனை உணர்ந்த பொறியியலாளர், எனியாக்கை இயன்றவரை அணையாமலே வைத்திருந்தனர். தொடங்கும் கணமே கணினிக்குச் சோதனையான கணம் என்பது அன்றே தெரிந்துவிட்டது. 1947 ஆம் ஆண்டு செப்டெம்பர் 9 ஆம் நாள், ஹார்வார்ட் பல்கலைக்கழகத்தின் மார்க் 2 என்னும் கணினியை இயக்கியவர்கள், அதன் மின்தொடுப்பு ஒன்றினிடையே அந்துப்பூச்சி ஒன்று அகப்பட்டுக் கிடக்கக் கண்டனர். அவர்கள் அப்பூச்சியை எறிந்துவிடவில்லை. தம் நாட்குறிப்பேட்டில் ஒட்டி, நேரத்தையும் இடத்தையும் எழுதி வைத்தனர். அக்குறிப்பேடு இன்று அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் உள்ளது. 2025 ஆம் ஆண்டு பெப்ரவரி 9 ஆம் நாள் இலங்கை முழுவதும் மின்சாரம் தடைப்பட்டபோது, பாணந்துறையிலுள்ள துணைமின் நிலையத்தில் ஒரு குரங்கு மின்கருவியைத் தொட்டதே காரணம் என்று மின்சக்தி அமைச்சர் கூறினார். பெரிய விளைவுகளுக்குச் சிறிய காரணங்கள் இருக்கக்கூடும் என்பதற்கு இரண்டும் சான்று.

அந்துப்பூச்சியை ஒட்டி வைத்தவர்களின் வழக்கத்தில் இரு விதிகள் அடங்கியுள்ளன. ஒன்று, கண்டதை எழுதுதல். கணினி எப்பொழுது நின்றது, அதற்கு முன்னர் எது புதிதாகச் செய்யப்பட்டது, என்ன எழுத்துத் தோன்றியது என்று ஒரு கொப்பியில் எழுதிவைத்தால், பழுதுபார்ப்பவரின் நேரமும் உரியவரின் பணமும் மிஞ்சும். மற்றையது, ஒரே தடவையில் ஒரு மாற்றம் மட்டும் செய்தல். அவசரத்தில் நினைவகத்தையும் மாற்றி, கம்பியையும் மாற்றி, பயோஸின் ஒழுங்கையும் மாற்றினால், கணினி எழுந்துவிட்டாலும் எதனால் எழுந்தது என்பது தெரியாது. அடுத்த தடவை மீண்டும் இருளிலேயே தேட வேண்டும்.

இனி, தொடக்கத்திற் கண்ட அலுவலகத்துக்குத் திரும்பலாம். விசிறி சுழல்கின்றது, திரை இருண்டுள்ளது. இக்குறை முதலிரண்டு படிகளுக்கு உரியது. தட்டைத் துடைப்பதோ நான்காம் படிக்குரிய மருத்துவம்; அதுவும் கடைசி மருத்துவம். கால்நோவுக்குக் கண்ணைப் பிடுங்குவார் உளரோ? ஆகையால் இலிகிதர் சொல்லவேண்டிய விடை, 'வேண்டாம், தம்பி. முதலிற் திரைக்கம்பியையும் நினைவக அட்டையையும் பாரும்' என்பதே. அவை யாவும் சரியாயிருந்து, கணினி உண்மையிலேயே மாண்டிருந்தாலும், அதன் வன்தட்டு மாண்டதென்று கொள்ளலாகாது. தட்டைக் கழற்றி வேறொரு கணினியில் இணைத்தால், அதிலுள்ள கோப்புகளைப் பிரதியெடுத்துக்கொள்ளப் பெரும்பாலும் முடியும். விண்டோஸ் மட்டும் குலைந்திருந்தால், லினக்ஸ் என்னும் இலவச முறைமையைப் பென் டிரைவ் ஒன்றில் ஏற்றி, அதன் உதவியாற் கணினியை எழுப்பி, கோப்புகளை முதலில் வெளியே எடுத்துவிடலாம். எந்தப் பழுதுபார்ப்பவரிடமும் கேட்கவேண்டிய முதற் கேள்வி, 'இதற்கு எவ்வளவு செலவாகும்?' என்பதன்று, 'எங்கள் கோப்புகளை முதலில் எடுத்துத் தருவீரா?' என்பதே. போர்மற் செய்து, அதன்மேற் புதிய விண்டோஸைப் பதித்தபின் அக்கேள்வியைக் கேட்பதாற் பயன் சிறிது.

கணினி கெட்டால் வாங்கலாம். தட்டு கெட்டாலும் வாங்கலாம். ஒரு பிள்ளை எந்த ஆண்டில் எந்த வகுப்பில் பயின்றது என்ற பதிவு அழிந்தால், பதினைந்து வருடங்களின் பின் சான்றிதழ் தேடி வரும் அப்பிள்ளைக்குக் கொடுக்க எந்தக் கடையிலும் ஒன்றும் இல்லை. ஆதலின், முக்கியமான கோப்புகளுக்கு மூன்று பிரதிகள் இருத்தல் வேண்டும்: ஒன்று கணினியில், ஒன்று கழற்றி வைக்கக்கூடிய வேறொரு தட்டில், ஒன்று அக்கட்டடத்துக்கு வெளியே. வெள்ளிக்கிழமை தோறும் அரைமணி நேரம் இதற்கென ஒதுக்கினாற் போதும்.

அந்த அரைமணி நேரத்தைச் செலவிட்ட அலுவலகத்தில், ஒருநாட் காலை கணினி விழித்தெழ மறுத்தாலும், எவரும் கலங்க வேண்டியதில்லை. சுவரிலிருந்து தொடங்கி, படிப்படியாக, ஒவ்வொன்றாகப் பார்த்துச் செல்லலாம். மாலைக்குள் அனுப்பவேண்டிய விவரங்களை வேறொரு கணினியிலிருந்து அனுப்பியும் விடலாம்.